கேட்காமல் பொருத்திய காப்பர்-டி: துஆவோடு நிற்பதா, மனுவும் கொடுப்பதா?

புதுவயல் மருமகள் கேட்டது:

அஸ்ஸலாமு அலைக்கும். மார்க்கம் அறிந்தவர்களும் மருத்துவமும் சட்டமும் அறிந்தவர்களும் இங்கே இருப்பதால், வீட்டில் யாரிடமும் முழுமையாகச் சொல்ல முடியாத ஒன்றை எழுதுகிறேன்.

எனக்கு வயது 27. பிறந்தது கடற்கரை ஊரில், ஷாஃபி மத்ஹபை (இஸ்லாமியச் சட்டப் பிரிவை)ப் பின்பற்றும் குடும்பத்தில். வாழ்க்கைப்பட்டது புதுவயலில், ஹனஃபி குடும்பத்தில். ரமலானுக்கு மூன்று வாரம் முன் இந்தப் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் எனக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. குழந்தை நலமாக இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். எனக்கு உதிரப்போக்குதான் நிற்கவில்லை. முதல் பிரசவத்தில் முப்பதாம் நாளே நின்றுவிட்டது. இந்த முறை நாற்பதாம் நாள் மாமி வெந்நீர் வைத்துத் தலைக்கு ஊற்றி, சாம்பிராணி போட்டு, தொழுகைப் பாயையும் எடுத்துக் கொடுத்தார். மறுநாள் விடியும்போதே பழையபடி கண்டது. பிரசவ உதிரம் இருக்கும்வரை தொழக்கூடாதே என்று பாயை மடித்து அலமாரியின் மேல் வைத்துவிட்டேன். ரமலான் இருபத்தேழாம் இரவில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஹஜ்ரத் (இமாம்) துஆ, அதாவது பிரார்த்தனை, ஓதியபோது, நான் அடுக்களைப் படியில் உட்கார்ந்து ஆமீன் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிரசவமாகி 72ஆம் நாள் காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவரிடம் போனோம். அவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "காப்பர்-டி எப்போது போட்டுக்கொண்டீர்கள்?" என்று சாதாரணமாகக் கேட்டார். கர்ப்பப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம் அது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து மாமியிடம் விசாரித்தபோதுதான், பிரசவ அறைக்குள் எனக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் வெளியே நின்ற அவரிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள் என்பது தெரிந்தது. இரத்தம் ஏற்றுவதற்கான தாள் என்று அவர் நினைத்திருக்கிறார். அன்று அங்கிருந்த ஒருவர், "உங்கள் ஆட்களிடம் கேட்டுக்கொண்டிருந்தால் ஐந்தாறு பெற்றுவிட்டுத்தான் பதில் சொல்வீர்கள்" என்று சொன்னதாகவும் மாமி சொன்னார்.

மச்சானிடம் (என் கணவரிடம்) சொன்னபோது, "மூன்றாவது இப்போது வேண்டாம் என்று நீயும்தானே சொன்னாய், இருந்துவிட்டுப் போகட்டும்" என்றார். சொன்னேன்தான். நானாக முடிவெடுத்து ஒரு முறையைத் தேர்ந்துகொள்வதும், வலியில் கிடந்த நேரத்தில் என் கர்ப்பப்பைக்குள் ஒரு பொருளை வைத்துவிட்டு எனக்கே தெரிவிக்காமல் வீட்டுக்கு அனுப்புவதும் ஒன்றாகிவிடுமா? பெண்களுக்கான மார்க்கச் சொற்பொழிவில் (பயானில்) பெயர் சொல்லாமல் கேட்டுப் பார்த்தேன். சபர் (பொறுமை) செய்யுங்கள், துஆ கேளுங்கள் என்றார்கள். துஆ கேட்கிறேன், கேட்கும்போதெல்லாம் அது முறையீடாகத்தான் வாயில் வருகிறது.

நான் விட்ட தொழுகைகளின் நிலை என்ன? புகார் கொடுப்பது பொறுமைக்கு மாறானதா? கொடுக்கலாம் என்றால் எங்கே கொடுப்பது?

ஓய்வுபெற்ற செவிலியர், செக்காலை:

வணக்கம், மகளே. முதலில் உன் உடம்பைப் பற்றிச் சொல்கிறேன். காப்பர்-டி பொருத்திய முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் உதிரப்போக்கு கூடுவதும் விட்டுவிட்டுக் காண்பதும் பலருக்கும் நடப்பவை. ஆனாலும் 72 நாள் என்பதால் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துவிடுவது நல்லது. காய்ச்சலோ துர்நாற்றமோ அடிவயிற்று வலியோ இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதே. அதை எடுப்பது சில நிமிட வேலை. எந்த அரசு மருத்துவமனையிலும் எடுப்பார்கள். எடுக்க வேண்டும் என்று நீ சொன்னாலே போதும், கணவர் வந்து நிற்கத் தேவையில்லை. நூல் கைக்குத் தட்டுப்படுகிறதென்று நீயே இழுத்துப் பார்த்துவிடாதே.

எடுத்த உடனேயே கருத்தரிக்கும் வாய்ப்பு திரும்பிவிடும் என்பதால் அடுத்து என்ன செய்வது என்பதை முன்கூட்டியே யோசித்துக்கொள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியிலும் ஒழுங்கற்ற உதிரப்போக்கு வரலாம்; உன் தொழுகைக் கவலை அதில் தீராது. சாயா மாத்திரையில் ஹார்மோன் கிடையாது, பாலூட்டுகிறவர்களும் சாப்பிடலாம். முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. அதில் மாதவிடாய் தள்ளிப்போவது உண்டு. ஆணுறையில் இந்தச் சிக்கல் எதுவுமே இல்லை, ஆனால் அதற்கு உன் மச்சான் ஒத்துழைக்க வேண்டும். நான் பார்த்த வரையில் அதுதான் பெரிய சிக்கல்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிரசவமாகி 48 மணி நேரத்துக்குள் காப்பர்-டி பொருத்துவது மருத்துவ முறைப்படி சரியானதே. அதைப் பற்றிப் பேச வேண்டியது கர்ப்பகாலப் பரிசோதனைகளுக்கு வரும் மாதங்களில். வலியில் துடிக்கிறவளிடம் கேட்பதுகூடச் சம்மதம் ஆகாது. இது எங்களுக்கும் தெரியும். மாத முடிவில் எத்தனை என்று மேலே கணக்குக் கேட்பார்கள். வெளியே நிற்கும் தாயாரிடமோ மாமியாரிடமோ கையெழுத்து வாங்கி வரச் சொல்வார்கள். நானும் அந்தத் தாளை நீட்டியிருக்கிறேன். அப்போது அதை நல்ல காரியம் என்றே நினைத்தேன்.

ஐந்தாறு என்று சொன்னவருக்கு ஒரு விவரம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்திய முஸ்லிம் பெண் ஒருவருக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 1992-93இல் 4.4, 2019-21இல் 2.4. மற்றச் சமயத்தாரைவிட வேகமாக இறங்கிய எண் இதுதான். பிரசவ அறைக் கட்டிலில் கிடப்பவளிடம் அப்படிப் பேசியவர் இதைப் படித்திருக்கமாட்டார்.

மதரஸா ஆசிரியர்:

வஅலைக்குமுஸ்ஸலாம், சகோதரி. தொழுகை குறித்து மட்டும் எழுதுகிறேன்.

நிஃபாஸின் (பிரசவத்துக்குப் பிந்தைய உதிரத்தின்) உச்சவரம்பு ஹனஃபி மத்ஹபில் 40 நாள். ஷாஃபி மத்ஹபில் 60 நாள். உங்கள் தாய்வீட்டுக் கணக்கும் மாமியார் வீட்டுக் கணக்கும் வேறுபடுவது இதனால்தான். ஹனஃபி சட்டப்படி, முன்பே ஒரு பிரசவத்தில் வழக்கம் ஏற்பட்டுவிட்ட பெண்ணுக்கு உதிரம் 40 நாளைத் தாண்டினால், அவள் தன் பழைய வழக்கத்துக்குத் திரும்ப வேண்டும். உங்கள் வழக்கம் 30 நாள். ஆகவே 31ஆம் நாளிலிருந்து கண்டது இஸ்திஹாளா, அதாவது நோய் காரணமான உதிரம். இடையில் உங்கள் வழக்கமான மாதவிடாய் நாட்களை மட்டும் கழித்துவிட்டு, மற்ற நாட்களில் விட்ட தொழுகைகளைக் களாவாக (பின்னர் ஈடுசெய்து) நிறைவேற்ற வேண்டும். அறியாமல் விட்டதால் மனம் குமைய வேண்டாம். இரவில் தொழும் வித்ரும் கணக்கில் சேரும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இனி உதிரம் நிற்காவிட்டாலும் தொழலாம். ஒவ்வொரு வக்துக்கும் (தொழுகை வேளைக்கும்) சுத்தம் செய்து, துணி மாற்றி, ஒளு (தொழுகைக்கான அங்கசுத்தி) எடுத்துக்கொண்டால், அந்த வக்து முடியும்வரை பர்ளு (கடமை), களா, நஃபில் (உபரி) எல்லாவற்றையும் அதே ஒளுவில் தொழுதுகொள்ளலாம். ஷாஃபியில் ஒரு ஒளுவுக்கு ஒரு பர்ளுதான்.

இருபத்தேழாம் இரவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அன்று நீங்கள் தொழுதிருக்கலாம். இதைச் சொல்ல எனக்கும் வருத்தமாகவே இருக்கிறது. இந்தச் சட்டங்களை ஆண்களாகிய நாங்கள் மிம்பரில் (பள்ளிவாசல் மேடையில்) விளக்கக் கூச்சப்படுகிறோம். பெண்களோ கேட்கக் கூச்சப்படுகிறார்கள்.

கோட்டையூர்க்காரன்:

சகோதரியின் வருத்தம் புரிகிறது. ஆனாலும் ஒன்றை யோசிக்க வேண்டும். நம் பாட்டிமார் காலத்தில் வீட்டில் பிரசவம் பார்த்து, உதிரம் நிற்காமல் கண்ணை மூடியவர்கள் எத்தனை பேர் என்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியும். இன்று காசு வாங்காமல் தாயையும் பிள்ளையையும் காப்பாற்றி அனுப்புகிறார்கள். ஒரு குறைக்காக மனு கொடுத்தால், நாளை நம் பெண்களைக் கண்டாலே வேறு ஊருக்கு எழுதி அனுப்பிவிடுவார்கள். குடும்பக்கட்டுப்பாட்டை முஸ்லிம்கள் எதிர்க்கிறார்கள் என்று செய்தி போடவும் ஆள் இருக்கிறது. பொறுமையைக் கொண்டும் தொழுகையைக் கொண்டும் உதவி தேடுங்கள் என்று குர்ஆன் சொல்கிறது. எடுத்துவிட்டு, மறந்துவிடுவதே நல்லது.

ஓர் ஆலிமா (மார்க்கக் கல்வி கற்றவர்), தேவகோட்டைப் பக்கம்:

அஸ்ஸலாமு அலைக்கும். கோட்டையூர் சகோதரர் காட்டிய வசனம் பொறுமையையும் தொழுகையையும் கொண்டு உதவி தேடச் சொல்கிறது. தேடுவது என்பது ஒரு செயல். அவர் அதை நிறுத்திக்கொள்வதற்கான ஆதாரமாகக் காட்டுகிறார்.

சகோதரியே, துஆ முறையீடாக வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஒரு பெண்ணின் முறையீட்டோடு தொடங்கும் ஒரு சூரா (அத்தியாயம்) குர்ஆனில் இருக்கிறது. 58ஆவது சூரா, அல்முஜாதிலா. வாதாடியவள் என்று பொருள். கவ்லா பின்த் ஸஃலபா என்ற பெண்ணைக் கணவர் 'நீ என் தாயின் முதுகைப் போன்றவள்' என்று சொல்லி ஒதுக்கினார். அன்றைய அரபு வழக்கில் அதற்குப் பிறகு அவள் மனைவியும் அல்ல, விடுபட்டவளும் அல்ல. கவ்லா நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்ட சொற்களை நபியின் துணைவியார் ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கிறார்கள்: என் இளமையை அவர் உண்டார், என் வயிற்றை அவருக்காக விரித்துக் கொடுத்தேன், வயது முதிர்ந்து, பிள்ளைப்பேறு நின்ற பிறகு என்னை இப்படிச் சொல்லிவிட்டார். தன் வயிற்றையும் பிள்ளைப்பேற்றையும் வெளிப்படையாகச் சொல்லி நியாயம் கேட்ட பெண்ணின் பேச்சு அது. அதே அறையின் ஓரத்தில் இருந்த தமக்கே அவருடைய பேச்சில் சில காதில் விழவில்லை, அல்லாஹ் கேட்டுவிட்டான் என்று ஆயிஷா (ரலி) வியந்தார்கள். இறங்கிய வசனம், அல்லாஹ்விடம் முறையிட்டவள் என்றே அவரைக் குறிக்கிறது. அழகிய பொறுமைக்கு நாம் எப்போதும் உதாரணம் காட்டும் யஃகூப் (அலை) அவர்களும், 'என் துக்கத்தை அல்லாஹ்விடமே முறையிடுகிறேன்' என்று சொன்னபோது இதே வேர்ச்சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள்.

கவ்லா முறையிட்டது அல்லாஹ்விடம், நாம் கேட்பது கலெக்டரிடம் கொடுக்கும் மனுவைப் பற்றி என்று ஒருவர் வேறுபடுத்தலாம். ஆனால் கவ்லா வீட்டில் உட்கார்ந்து துஆ மட்டும் கேட்கவில்லை. சட்டம் சொல்லும் இடத்துக்கு நடந்து போனார், முதலில் கிடைத்த பதிலோடு திரும்பிவிடவும் இல்லை.

ஆட்சியாளரின் விதி தாயின் உடலுக்குள் எப்படிக் கை நீட்டும் என்பதற்கு இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்துச் செய்தி ஒன்றுண்டு. பால்குடி மறந்த குழந்தைக்குத்தான் அரசு உதவித்தொகை என்று அவர்கள் வைத்திருந்தார்கள். ஓர் இரவு மதீனாவின் எல்லையில் தங்கியிருந்த ஒரு வணிகக் கூட்டத்தில் குழந்தை ஒன்று விடாமல் அழுதது. எதிரில் நிற்பவர் யாரென்று தெரியாமல் தாய் சொன்னாள்: உமர் பால் மறந்த பிள்ளைக்குத்தான் பணம் தருகிறார், அதனால் காலத்துக்கு முன்பே மறக்கடிக்கிறேன். அன்று சுபுஹு தொழுகையில் அவர்கள் அழுத அழுகையில் ஓதியது பின்னால் நின்றவர்களுக்கு விளங்கவில்லை. தொழுது முடித்ததும், பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் தொகை உண்டு என்று விதியை மாற்றினார்கள். நம் மாநிலத்தில் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலுள்ள மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய் முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும் என்று வைத்திருக்கிறார்களே, மூன்றாவதாகக் கர்ப்பமான ஏழைத் தாய்க்குப் பசி குறைவா என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

மச்சானுக்கும் ஒரு சொல். கருத்தரிக்காமலிருக்கக் கணவன் செய்யும் அஸ்லை (விந்தை வெளியே விடுவதை), குர்ஆன் இறங்கிக்கொண்டிருந்த காலத்தில் நாங்கள் செய்துவந்தோம் என்று நபித்தோழர் ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். தற்காலிகத் தடுப்பு முறைகளைப் பெரும்பாலான அறிஞர்கள் அனுமதிப்பது இதை வைத்துத்தான். அந்த அஸ்லுக்கும் மனைவியின் சம்மதம் வேண்டும் என்பதே ஹனஃபி நூல்களின் அடிப்படை நிலை. கணவருக்கே கேட்காமல் செய்ய உரிமையில்லாத ஒன்றில், வெள்ளைச் சட்டைக்காரருக்கு உரிமை எங்கிருந்து வந்தது? பாலை எப்போது மறக்கடிப்பது என்பதைக்கூடத் தாயும் தந்தையும் கலந்து பேசி, இருவரும் மனமொத்து முடிவு செய்ய வேண்டும் என்கிறது அல்பகராவின் 233ஆவது வசனம்.

தேவகோட்டை வழக்கறிஞர்:

ஆலிமா அவர்கள் கேட்ட கேள்விக்கு இந்தியச் சட்டத்தின் பதிலும் அதுவேதான். சமீரா கோலி வழக்கில் 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு உங்களுக்கு நேராகப் பொருந்தும். பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த பெண்ணின் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் வெளியே நின்ற தாயாரின் சம்மதத்தைப் பெற்று அகற்றினார்கள். வயது வந்த, சுயநினைவுக்குத் திரும்பக்கூடிய பெண்ணுக்காக, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, தாயார் கொடுக்கும் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். தாயார் கையெழுத்தே செல்லாதபோது மாமியார் கையெழுத்து எங்கே நிற்கும்? பிள்ளை பெறுவதும் பெறாமலிருப்பதும் பெண்ணின் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று 2009இல் சுசிதா ஸ்ரீவஸ்தவா வழக்கிலும் சொல்லியிருக்கிறார்கள்.

முதல் வேலையாக, பிரசவச் சிகிச்சைக் குறிப்புகளின் நகலையும் அந்தச் சம்மதத் தாளின் நகலையும் எழுத்து மூலம் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் 2002இல் வகுத்த ஒழுங்குமுறை. நகல் கைக்கு வந்த பிறகு, திங்கட்கிழமை சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்தின் மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பெண் என்ற ஒரே காரணத்தால், வருமானம் எவ்வளவானாலும், 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள்.

கோட்டையூர் நண்பர் பயப்படும் செய்திக்கு மனுவின் வாசகத்திலேயே பதில் இருக்கட்டும். கருத்தடையை எதிர்க்கவில்லை, கேட்காமல் செய்ததை எதிர்க்கிறேன் என்று முதல் பத்தியில் எழுதுங்கள். இந்த வேறுபாட்டுக்குப் பெயர் வைத்தவர்கள் 1994இல் சிகாகோவில் கூடிய 12 கறுப்பினப் பெண்கள். பிள்ளை பெறாமலிருக்கும் உரிமை, பெறும் உரிமை, பெற்றதைப் பாதுகாப்பான சூழலில் வளர்க்கும் உரிமை ஆகிய மூன்றையும் சேர்த்து இனப்பெருக்க நீதி என்றார்கள். வெறும் கருக்கலைப்பு உரிமை என்று பேசுவது தங்களைப் போன்றவர்களுக்குப் போதாது என்பது அவர்கள் வாதம்; கேட்காமல் கருத்தடை செய்யப்பட்ட அனுபவம் அவர்கள் சமூகத்துக்கு நிறையவே இருந்தது. நமக்கும் நெருக்கடி நிலைக் காலத்துக் கட்டாயக் கருத்தடைகளின் 1976 இருக்கிறது.

கானாடுகாத்தான் ஆச்சி:

படித்துக்கொண்டே வந்தேன். என் மகளுக்கும் பிரசவ அறையில் இப்படித்தான் பொருத்தினார்கள், நாங்கள் செட்டியார்கள். அவளுக்கு இரண்டு ஆண்டு கழித்தே தெரிந்தது. அடுத்த குழந்தை ஏன் தங்கவில்லை என்று அதுவரை பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் நடையாய் நடந்து வேண்டிக்கொண்டிருந்தோம். மனுவில் இன்னொரு கையெழுத்து வேண்டுமென்றால் என் மகளிடம் கேட்டுச் சொல்கிறேன்.

புதுவயல் மருமகள்:

அனைவருக்கும் ஸலாமும் வணக்கமும். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. காப்பர்-டியை எடுத்துவிட்டார்கள், பத்தே நாளில் உதிரம் முற்றிலும் நின்றது. ஹீமோகுளோபின் குறைவாக இருப்பதால் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். செக்காலை அம்மா எழுதியதை மச்சானிடம் அப்படியே படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். இரண்டு நாள் கழித்து, மருந்துக்கடையில் தாமே வாங்கி வந்துவிட்டார்.

ஹஜ்ரத்திடம் மச்சான் மூலம் நேரில் கணக்குப் பார்த்தோம். 31ஆம் நாள் முதல் 72ஆம் நாள் வரை 42 நாள். அதில் மாதவிடாய் வழக்கம் 6 நாள் போக மீதி 36. பர்ளு 180, வித்ரு 36. ஒவ்வொரு வக்திலும் ஒரு களா சேர்த்துத் தொழுதுவருகிறேன். இன்றோடு பதினொரு நாள் முடிந்தது.

சம்மதத் தாளின் நகல் கிடைத்தது. அதில் 'நோயாளிக்கு விளக்கிச் சொல்லப்பட்டது' என்று முன்பே அச்சடித்திருக்கிறார்கள். கீழே மாமியின் கையெழுத்து. கடந்த திங்கட்கிழமை சிவகங்கைக்குப் போய் மனு கொடுத்து ரசீது வாங்கினோம். ஆச்சியின் மகளும் தனி மனு கொடுத்தார். என் மனுவில் மாமியின் பெயரை விட்டுவிட்டு 'உறவினர் ஒருவர்' என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். பேருந்தில் போகும்போது வாசிக்கச் சொல்லிக் கேட்ட மாமி, அந்த வரியை அடித்துவிட்டுத் தம் பெயரை எழுதச் சொன்னார். அலுவலகத்தில் என்ன தாள் என்று தெரியாமல் போட்டீர்களா என்று கேட்டார்கள். ஆமாம், மருமகள் உள்ளேதானே படுத்திருந்தாள், அவளிடம் ஏன் கேட்கவில்லை என்று மாமி அவர்களையே திருப்பிக் கேட்டார்.